மறுபதிப்புக் காணாத நூல்

சிறு குருமடத்தில் நாங்கள் பயின்ற நாள்களில் துப்பறியும் நாவல் என்பது ஏறக்குறைய விலக்கப்பட்ட கனி. இரவு மௌனத்திற்கான மணி அடித்த பின்னர், போர்வைக்குள் கைவிளக்கை மறைத்துக்கொண்டு, அட்டை கிழிந்த மாத நாவல்களை மாற்றி மாற்றிப் படித்ததுண்டு. பிடிபட்டால் மறுநாள் மாலை விளையாட்டு கிடையாது. தோட்டத்திற்குத் தண்ணீர் இறைக்க வேண்டும். அதற்கும் துணிந்தே படித்தோம். ஆதலால், பல ஆண்டுகள் கழிந்து பெரிய குருமடத்தில், இறையருள் பற்றிய வகுப்பில், முதிய பேராசிரியர் ஒருவர் பாடநூலை மூடி வைத்துவிட்டு, "இதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் ஒரு மர்மக் கதாசிரியரையும் படியுங்கள்" என்று சொன்னபோது, எங்களுள் சிலர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவர் கரும்பலகையில் எழுதிய பெயர் கிரகாம் கிரீன்.

1904 இல் இங்கிலாந்தில் பிறந்து 1991 இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் மறைந்த கிரீன், உளவாளிகளையும் கூலிக் கொலையாளிகளையும் தப்பியோடுகிறவர்களையும் பற்றி எழுதி உலகெங்கும் பெருந்திரளான வாசகரைப் பெற்றவர். அத்தகைய நூல்களைப் ‘பொழுதுபோக்குகள்’ என்று அவரே தனியாக வகைப்படுத்தியிருந்தார். நாட்டிங்காம் நகரில், தாம் மணக்க விரும்பிய பெண் கைக்கொண்டிருந்த மறை இன்னதென்று அறியும் ஆவலில் குருவானவர் ஒருவரைத் தேடிச் சென்று, 1926 இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். ‘ஆற்றலும் மாட்சியும்’ என்று நாம் பெயர் சொல்லக்கூடிய அவரது 1940 ஆம் ஆண்டு நாவலைக் குருமட நூலகத்தில் எடுத்துப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. குடிக்கு அடிமையான, ஒரு குழந்தைக்குத் தந்தையாகிவிட்ட குருவானவர் ஒருவரின் நடுங்கும் கைகளில் இறைவன் தம்மையே ஒப்படைக்கும் கதை அது.

ஆயினும் இக்கட்டுரையில் நான் பேச விரும்புவது அந்த நல்ல நாவலைப் பற்றியன்று. அதே கையால் எழுதப்பட்ட ஒரு மோசமான நாவலைப் பற்றி. அதைப் படித்ததால் எனக்கு நேர்ந்ததைப் பற்றி.

2005 ஆம் ஆண்டு கோடையில், பெல்ஜியம் நாட்டு லூவனில் மேற்படிப்புப் பயின்றுகொண்டிருந்த நான், விடுமுறைக்கால உதவிக்காக இலண்டன் மாநகரின் ஒரு பங்கிற்குச் சென்றிருந்தேன். காலைத் திருப்பலிக்குப் பின் பகல் முழுவதும் எனக்கு ஓய்வு. பிரித்தானிய நூலகத்தின் வாசகர் அறையில் இடம் பிடித்து, கிரீன் 1931 இல் எழுதிய ‘ரூமர் அட் நைட்ஃபால்’ என்னும் நூலைக் கேட்டு வாங்கினேன். ‘அந்தி வேளையின் வதந்தி’ என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். கடைகளில் அது கிடைப்பதில்லை. ஆசிரியரே மறுபதிப்புச் செய்ய விடாமல் தடுத்துவிட்ட நூல் அது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த ‘த நேம் ஆஃப் ஆக்‌ஷன்’ என்ற நாவலுக்கும் அதே கதிதான். 1970 முதல் அவருடைய நூல்கள் தொகுதிகளாக வெளிவரத் தொடங்கியபோதும் இவ்விரண்டிற்கும் அவற்றில் இடம் தரப்படவில்லை.

மூன்று நாள்கள் படித்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஸ்பெயின். கார்லோஸ் இளவரசரின் கட்சியினர் நடத்திய உள்நாட்டுப் போர். இரண்டு ஆங்கிலேய நண்பர்கள். இருவருக்கும் நடுவே ஒரு பெண். தேடப்படும் ஒரு கலகத் தலைவன். மர்மக் கதைக்கு வேண்டிய யாவும் இருந்தன, உயிர்தான் இல்லை. ஒவ்வொரு வாக்கியமும் கண்ணாடிமுன் நின்று தன்னையே அழகு பார்த்துக்கொண்டிருந்தது. உவமைமேல் உவமை ஏறி, சொல்ல வந்த பொருள் அடியில் நசுங்கிக் கிடந்தது. படித்து முடித்து வெளியே வந்து பேருந்துக்காகக் காத்திருந்தபோது, அக்கதை மாந்தருள் ஒருவருடைய முகமும் என் மனத்தில் நிற்கவில்லை. சரிவர அறியாத ஸ்பெயினைக் கிரீன் தம் எழுத்தறையில் உருவாக்கியிருந்தார். அதற்கு வேண்டிய மூடுபனியை ஜோசப் கான்ராட் என்ற பெரிய எழுத்தாளரிடமிருந்து கடன் வாங்கியிருந்தார். பின்னாளில் இதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டவரும் கிரீனே. அந்தத் தாக்கத்திலிருந்து விடுபடுவதற்காகக் கான்ராடின் நூல்களைப் படிப்பதையே பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்தார்.

அந்த நூல் பிறந்த சூழலை எண்ணிப் பார்க்க வேண்டும். 1929 இல் வெளிவந்த அவரது முதல் நாவல் சுமார் 8,000 படிகள் விற்று, அறிமுக எழுத்தாளர் ஒருவருக்குப் பெரிய வெற்றியைத் தந்தது. பதிப்பாளர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 600 பவுண்டு தருவதாகச் சொன்னார்கள். இளைஞர் உடனே ‘த டைம்ஸ்’ நாளிதழில் பார்த்துவந்த உதவியாசிரியர் வேலையை உதறினார். அடுத்த நாவல் 2,000 படிகளைச் சற்றே தாண்டியது. அதற்கடுத்த இந்த ஸ்பெயின் கதை விற்றது சுமார் 1,200 படிகளே. நாட்டுப்புறத்தில் ஒரு சிறு குடிலில் மனைவியோடு சிக்கனமாக வாழ்ந்தார். பெருமுயற்சியுடன் எழுதிய ஒரு வாழ்க்கை வரலாற்று நூலையும் பதிப்பகம் ஏற்க மறுத்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. ஃபிராங்க் ஸ்வின்னர்ட்டன் என்னும் விமர்சகர் எழுதிய மதிப்புரையே தம் கண்களைத் திறந்தது என்று கிரீன் பிற்காலத்தில் குறிப்பிட்டார். புகழ்ந்தவர்களைப் பலரும் நினைவில் வைத்திருப்போம். குறை சொன்னவரை நன்றியோடு நினைவில் வைத்திருப்பவர் சிலரே.

இனி, எதற்காக இதை எழுதத் தொடங்கினேனோ அதற்கு வருகிறேன்.

1998 இல், குருப்பட்டம் பெற்ற மறு ஆண்டு, கடற்கரைப் பங்கு ஒன்றில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். ஒருநாள் விடியற்காலையில் கட்டுமரம் ஒன்று அலையில் கவிழ்ந்து, பத்தொன்பது வயது இளைஞன் ஒருவனைக் கடல் கொண்டுபோயிற்று. ஊரே கரையில் கூடி நின்றது. பங்குத்தந்தை இரண்டு நாளும் கரையிலேயே மக்களோடு இருந்தார். இடையில் அறைக்கு வந்தவர், "நீர் நன்றாகப் பேசுவீர், உடல் கிடைத்தால் அடக்கத் திருப்பலியின் மறையுரையை நீரே வையும்" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நான் அமர்ந்தேன்; எழுதினேன். கார்ல் ரானர் சாவைப் பற்றிச் சொன்னவை, புனித அகுஸ்தினார் தம் நண்பனை இழந்து புலம்பியவை, இடையிடையே நானே புனைந்த கடல் உருவகங்கள் என்று ஏழு தாள்கள் நிறைந்தன. சன்னலுக்கு வெளியே உண்மையான கடல் இருந்தது. அதன் கரையில் ஒரு தாய் இருந்தார். நான் எழுந்து போகவில்லை. கடலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் உடல் கரை ஒதுங்கியது. அன்று மாலையே அடக்கம். மறையுரை எனக்கே மிகவும் நன்றாக இருந்ததாகத் தோன்றியது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாம் முடிந்த பிறகு, இரண்டு பெண்கள் கைத்தாங்கலாகப் பிடித்துவர, அந்தத் தாய் என்முன் வந்து நின்றார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு எளிதாயிருந்திருக்கும்.

"சாமி, எம் மவன் பேர ஒரு தடவகூட நீங்க சொல்லலியே."

அவ்வளவுதான் அவர் சொன்னது. அறைக்குத் திரும்பி ஏழு தாள்களையும் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். ‘இளைஞன்’ என்று இருந்தது, ‘மனிதன்’ என்று பலமுறை இருந்தது, அவன் இல்லை. தாள்களைக் கிழித்தெறிய மனம் வரவில்லை. நான்காய் மடித்துக் கட்டளைச் செப நூலின் உறைக்குள் செருகி வைத்தேன். சில மாதங்களில் மாற்றலாகி வேறு பங்கிற்குப் போனேன். அதற்குள் அந்த வீட்டிற்கு ஒருமுறைகூட நான் போகவில்லை. வேலை மிகுதி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவன்று, எனக்கு வெட்கம்.

ஏழாண்டுகளுக்குப் பின் இலண்டனின் பேருந்து நிறுத்தத்தில் நின்றபோது, அந்த ஏழு தாள்களும் நினைவுக்கு வந்தன. கிரீனின் ஸ்பெயினும் என்னுடைய கடலும் ஒரே நோயின் இரு பெயர்கள் எனக் கண்டேன். எதிரே இருப்பதைப் பார்க்க அஞ்சுகிறவனுக்குக் கடன் வாங்கிய சொற்களே ஒளியுமிடம். திறமைக்குறைவு என்று இதைச் சொல்லித் தப்பிவிட முடியாது. இது அன்பின் குறைவு. அன்பு முதலில் பார்க்கிறது, பிறகே பேசுகிறது.

கிரீன் தம் நோயை எவ்வாறு தீர்த்துக்கொண்டார்? அவர் எழுத்தை விடவில்லை, பார்க்கத் தொடங்கினார். 1932 இல் வெளிவந்து அவரை மீட்ட ‘ஸ்தாம்புல் டிரெய்ன்’ என்னும் மர்மக் கதை, பெல்ஜியக் கடற்கரையிலிருந்து துருக்கி வரை செல்லும் இரயிலில் நிகழ்வது. அவ்வளவு தூரம் பயணம் செய்ய அவரிடம் பணம் இல்லை. ஜெர்மனியின் கொலோன் நகர் வரைக்கும் மூன்றாம் வகுப்பில் சென்று, சன்னலில் கண்டவற்றையெல்லாம் குறித்துக்கொண்டார். புரூஜ் நகருக்கு வெளியே உள்ள காய்கறித் தோட்டங்கள் தம் கதையில் எந்த இடத்தில் வருகின்றனவோ அந்த இடத்திலேயே இருந்தன என்று முதுமையிலும் அவர் பெருமையோடு நினைவுகூர்ந்தார். எவ்வளவு சிறிய பெருமை! ஆயினும் காசு போன தூரம் வரை கண்ணும் போயிற்று. அந்தக் காய்கறித் தோட்டங்களிலிருந்துதான் பின்னாளைய பெரிய நாவல்கள் முளைத்தன என்று எனக்குத் தோன்றுகிறது.

1938 இல் அவர் மெக்சிகோ சென்றார். தபாஸ்கோ மாநிலத்தில் கார்ரிதோ கனபால் என்ற ஆளுநர் கோயில்களை இடித்து, குருக்களைத் திருமணம் செய்யுமாறு வற்புறுத்தி, திருப்பலியே இல்லாமல் செய்திருந்த கொடுமையின் சுவடுகள் அப்போதும் மறையவில்லை. அங்கே அவர் ஒரு செய்தி கேட்டார். எல்லாக் குருக்களும் ஓடிவிட்டபின் எஞ்சியிருந்த குடிகாரக் குருவானவர் ஒருவர், போதையில் ஓர் ஆண்குழந்தைக்குப் ‘பிரிகித்தா’ என்று பெண் பெயரைச் சூட்டி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாராம். அந்தச் சிறு செய்தியே ‘ஆற்றலும் மாட்சியும்’ நாவலின் வித்துகளுள் ஒன்று. இதை அறிந்தபோது நான் என்னையே கேட்டுக்கொண்டேன்: பெயரைத் தவறாகச் சொன்ன அந்தக் குருவானவர், பெயரையே சொல்லாத என்னைவிட எவ்வளவு மேலானவர்! அவர் அங்கே இருந்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாவலின் நாயகனான குருவானவருக்குக் கிரீன் கடைசிவரை பெயரே தரவில்லை. ஆனாலும் அவரைத் தெருவில் கண்டால் நான் அடையாளம் கண்டுகொள்வேன். ஸ்பெயின் கதையில் எல்லாருக்கும் பெயர்கள் இருந்தன. ஒருவரையும் என்னால் அடையாளம் காண முடியாது. ஆக, அந்தத் தாய் என்னிடம் கேட்டது வெறும் பெயரின் ஒலியையன்று. தம் மகன் என் சொற்களுக்குள் எங்கேயும் இல்லை என்பதையே அவர் எனக்குச் சொன்னார்.

கிரீனின் வரலாற்றில் நம்மைச் சிந்திக்க வைக்கும் நிகழ்ச்சி வேறொன்றும் உண்டு. 1953 இல் உரோமைத் திருச்சபையின் புனித அலுவலகம், கர்தினால் பிட்சார்தோ வழியாக, ‘ஆற்றலும் மாட்சியும்’ நூலைக் கண்டித்து, அதில் திருத்தங்கள் வேண்டுமெனக் கேட்டது. பதிப்புரிமை பதிப்பாளர்கள் கையில் இருக்கிறது என்று பணிவாகப் பதில் எழுதிய கிரீன், ஒரு வரியையும் மாற்றவில்லை. 1965 இல் அவரைச் சந்தித்த திருத்தந்தை ஆறாம் பவுல், தாமும் அந்நூலைப் படித்திருப்பதாகச் சொல்லி, அவர் நூல்களின் சில பகுதிகள் கத்தோலிக்கர் சிலரை எப்போதும் புண்படுத்தவே செய்யும், அதைப் பொருட்படுத்த வேண்டாம் என்று ஆறுதல் கூறினார். பிறர் மாற்றச் சொன்ன நூலை அவர் மாற்றவில்லை. எவரும் கேளாதபோது தம் போலி நூல்களைத் தாமே விலக்கிக்கொண்டார். மனச்சான்றின் ஆய்வு என்று நாம் மறைக்கல்வியில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான் அல்லவா?

ஆனால் எழுத்தாளனுக்கு உள்ள அந்த வசதி நம்மில் பலருக்கு இல்லை. நூலை மறுபதிப்புச் செய்யாமல் நிறுத்திவிடலாம். ஒரு தாயின் செவியில் விழுந்த மறையுரையை எப்படித் திரும்பப் பெறுவது? ஒப்புரவு அருட்சாதனத்தில் நான் அதை அறிக்கையிட்டதுண்டு, மன்னிப்பும் பெற்றேன். இறைவனின் மன்னிப்பு முழுமையானது என்று நம்புகிறேன். ஆனால் அது நடந்ததை நடக்காததாக்கும் மாயம் அன்று. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் கைகளின் காயங்களை மறைத்துக்கொண்டு சீடர்முன் வரவில்லை, அவற்றைக் காட்டினார். மன்னிப்பு, காயம் இருந்த இடத்திற்கே நம்மைத் திரும்ப அனுப்புகிறது.

கிரீனும் ஸ்பெயினுக்குத் திரும்பினார். 1976 முதல் பல கோடைகளில், லெயோபோல்தோ துரான் என்ற ஸ்பானியக் குருவானவரோடு காரில் ஊர் ஊராகச் சுற்றினார். சாலையோரம் அமர்ந்து ரொட்டியும் திராட்சை இரசமும் பகிர்ந்து, நம்பிக்கையையும் ஐயத்தையும் பற்றி ஓயாமல் பேசினார்கள். அந்தப் பயணங்களிலிருந்து 1982 இல் ‘மொன்சிஞ்ஞோர் கிகோத்தே’ பிறந்தது. ஒசெய்ரா என்னும் துறவு மடத்தில் முடிவுறும் அச்சிறு நாவலில் ஸ்பெயின் மூச்சு விடுகிறது. போலி ஸ்பெயினுக்கும் மெய்யான ஸ்பெயினுக்கும் இடையில் 51 ஆண்டுகள். வெவே நகரில் கிரீன் இறக்கும் வேளையில் நோயில்பூசுதல் வழங்கியவரும் அதே துரான் அடிகளாரே.

எனக்குப் பதினான்கு ஆண்டுகள் ஆயின. 2012 இல் அக்கடற்கரை ஊரின் திருவிழாவில் ஒருநாள் மறையுரை ஆற்ற அழைத்தார்கள். நண்பகலில் யாரிடமும் சொல்லாமல் அந்த வீட்டிற்குச் சென்றேன். முற்றத்தில் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, "சாமிக்கு நரச்சிட்டே" என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, அன்றைக்கு உங்கள் மகனைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனை அறியாமலேயே பேசினேன். மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"எனக்கு நெனப்பு இருக்கு சாமி" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை; இல்லை என்றும் சொல்லவில்லை. ஒரு பலகையை எடுத்துப் போட்டு, "உக்காருங்க" என்றார். ஒரு மணி நேரம் பேசினார். அவன் இடக்கைக்காரன். கடுங்காப்பியில் கருப்பட்டி கூடுதலாக வேண்டும் என்பான். பாடற்குழுவில் சேர ஆசைப்பட்டான். குரல் சரியில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "அந்த வருசம் திருநாளுக்குக் கொடி ஏத்தும்போது கயிறு சிக்கிச்சே, நீங்க பாத்திருப்பீங்களே? மரத்துல ஏறி எடுத்துவிட்டது அவந்தான்."

நான் பார்த்திருக்கிறேன். கொடிமரத்தின் அடியில் அங்கியோடு நின்று, மேலே ஏறுகிற ஒரு மெலிந்த பையனை அண்ணாந்து பார்த்து, அவன் கயிற்றை விடுவித்ததும் எல்லாரோடும் சேர்ந்து கைதட்டியிருக்கிறேன். இறங்கிவந்து சிரித்தவனிடம் பெயர் கேட்கவில்லை. நான் அறியாத ஒருவனைப் பற்றியன்று அந்த ஏழு தாள்களையும் எழுதியது; பார்த்தும் காணாத ஒருவனைப் பற்றி.

விடைபெற எழுந்தபோது அவர் சொன்னார்: "இன்னைக்குப் பூசையில அவன் பேரச் சொல்லுங்க சாமி."

அன்று மாலைத் திருப்பலியில் சொன்னேன். மறையுரைக்காகத் தயாரித்து வைத்திருந்ததை விட்டுவிட்டு, சிக்கிய கயிற்றைப் பற்றியும், ஏறிய பையனைப் பற்றியும் சொன்னேன். சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்த ஏட்டில் அப்பெயரை நான் எழுதவில்லை. அது அந்தத் தாயுடையது. அவர் கேட்ட இடத்தில் சொல்லியாயிற்று.

கிரீன் விலக்கிய நாவல் பிரித்தானிய நூலகத்தின் அடுக்குகளில் இருக்கிறது. என்னுடைய ஏழு தாள்களும் செப நூலின் உறைக்குள் இருக்கின்றன. மடிப்புகளில் கிழியத் தொடங்கிவிட்டன. இப்போது நான் பணியாற்றும் பங்கில் யாரேனும் இறந்தால், அடக்கத்திற்கு முந்தைய இரவு அந்த வீட்டிற்குச் சென்று ஓரமாக அமர்ந்து, அவர்கள் சொல்வதைக் கேட்டு வருவது என் வழக்கம். சில இரவுகளில் உடல் அசந்து, ‘நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம்’ என்று தோன்றும். அப்போது அந்தத் தாள்களை எடுத்து முதல் பக்கத்தை மட்டும் படிக்கிறேன். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுகிறேன்.